பல நிரைகளை ஒருமிக்கத் திருத்துதல்: எந்த வழியைத் தெரிவு செய்வது?

வன்னியின் கமக்காரர்கள் கைத்தொலைபேசியில் அனுப்பும் கேள்விகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் ‘நீர்ப்பாசனம்’, ‘நோய்’, ‘சந்தை விலை’, ‘யானை’, ‘நட்டஈடு’ என ஒரு லேபலை இட்டு, கணினிக்குத் தமிழைக் கற்பிக்கத் தக்க தரவாக அவற்றை ஆக்கும் வேலையில் கிளிநொச்சியில் சிறு குழுவாக நாங்கள் ஈடுபட்டிருக்கிறோம். ஒரு செய்திக்கு ஒரு நிரை. செய்தியின் அடையாள எண்ணுக்கும் வாக்கியத்துக்கும் லேபல் இடும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிரல். அடிப்படையில் இதுவே எங்கள் விரிதாளின் அமைப்பு. ஒரு கலத்தைத் திருத்துவது எவருக்கும் கடினமன்று. நூற்றுக்கணக்கான நிரைகளை ஒரே தடவையில் மாற்ற வேண்டி வரும்போதுதான் எந்தக் கருவியில், எந்த முறையில் மாற்றுவது என்ற கேள்வி எழுகிறது. இத்தகைய வேலையைத் தொடங்கும் வேறு குழுக்களுக்கும் பயன்படும் என்பதால், எங்கள் முன் இருந்த வழிகளை ஒப்பிட்டு இங்கே எழுதுகிறேன்.

ஒருமிக்கத் திருத்தும் தேவை பல காரணங்களால் வருகிறது. லேபல் இடும் விதி இடைநடுவில் மாறலாம். ‘நோய்’ என்ற ஒரே லேபலின் கீழ் கிடந்த எரிபந்தத்தையும் கபிலநிறத் தத்தியையும் நோய், பூச்சி என இரண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தால் ஏற்கெனவே இட்டவை எல்லாவற்றையும் மீளப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயர்களும் குளப் பெயர்களும் பலவாறு எழுதப்பட்டிருப்பதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஒருவர் ஒரு வகை வாக்கியத்தைத் தொடர்ந்து தவறாக விளங்கிக்கொண்டிருந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் சரிசெய்ய வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் வேலை இரண்டு படிகளைக் கொண்டது: எந்த நிரைகள் என்று தெரிவு செய்வது ஒன்று, அவற்றில் புதிய பெறுமதியை எழுதுவது மற்றொன்று. எழுதுவதை எல்லாக் கருவியும் நொடியில் செய்துவிடும். தெரிவு செய்வதில்தான் தரவு கெடுகிறது. ஆகவே நான் வேகத்தை அளவுகோலாக எடுக்கவில்லை. மாற்றத்துக்கு முன் எவை அகப்பட்டுள்ளன என்பதைக் கண்ணால் காண முடிகிறதா, பிழையென்று பின்னர் தெரிந்தால் மற்றவர்களின் வேலையைத் தொடாமல் அந்த மாற்றத்தை மட்டும் பிரித்தெடுக்க முடிகிறதா என்ற இரண்டையுமே முதன்மையாகக் கொள்கிறேன்.

வடிகட்டியில் அகப்படுவது எது?

கருவிகளுக்குப் போகுமுன், எந்தக் கருவியிலும் வரக்கூடிய ஓர் இடரை விளக்க வேண்டும்; ஏனெனில் வன்னித் தரவில் அது மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது.

நீர்ப்பாசனம் பற்றிய கேள்விகளைத் திரட்ட ‘குளம்’ என்ற சொல்லை, அது உள்ள நிரைகளை மட்டும் காட்டும் வடிகட்டியில் இடுவதாக வைத்துக்கொள்வோம். “இரணைமடுக்குளம் எப்ப திறப்பினம்?” என்பது அகப்படும், அது சரி. “மாங்குளம் சந்தையில உழுந்து என்ன விலை போகுது?” என்பதும் அகப்படும். அது சந்தை விலை பற்றியது. மாங்குளம், புளியங்குளம், பாண்டியன்குளம் என வன்னியின் ஊர்களில் பல குளத்தின் பெயரையே தாங்கி நிற்பதால், அந்தச் சொல் நீரைக் குறிக்கிறதா ஊரைக் குறிக்கிறதா என்பதை வடிகட்டி அறியாது. மறுபுறத்தில், “குளத்தில தண்ணி இல்லை”, “குளத்துக்குக் கீழ உள்ள வயல்” போன்றவை அகப்படாமலே போய்விடும். வேற்றுமை ஏறும்போது ‘குளம்’ ‘குளத்து’ என்று மாறிவிடுகிறது அல்லவா? “வாய்க்கால்ல தண்ணி வரேல்ல” என்று எழுதியவரோ குளம் என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை.

யானைப் பிரச்சினையிலும் இதுதான் நிலை. எங்கள் பேச்சில் யானை ‘ஆனை’ ஆகும். “இரவு ஆனை வந்து வேலிய உடைச்சுப் போட்டுது, நட்டஈடு ஆரிட்டக் கேக்கிறது?” என்ற செய்தியைப் பிடிக்க ‘ஆனை’ என்று தேடினால் ஆனையிறவு பற்றிய செய்திகளும் கூடவே வரும். அந்தச் செய்தியே யானைக்குரியதா நட்டஈட்டுக்குரியதா என்பதும் இரண்டு பேர் இருந்து பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி. ‘மருந்து’ என்ற சொல் வயலுக்கு அடிக்கும் மருந்தாகவும் வைத்தியசாலையில் தரும் மருந்தாகவும் வரும். இவற்றை எல்லாம் பார்க்காமல், வடிகட்டியில் வந்த அனைத்தையும் தெரிந்து ஒரே லேபலை நிரப்பினால், பிழை ஒழுங்கான வடிவத்தில் தரவு முழுவதும் பரவிவிடும். தனித்தனியாக விடப்படும் பிழைகளை விட இத்தகைய ஒழுங்கான பிழை ஆபத்தானது. அதைக் கணினி ஒரு விதியாகவே கற்றுக்கொள்ளும்.

எனவே ஒரு வழியை மதிப்பிடும்போது, அகப்பட்டவற்றை வாசித்துப் பார்த்து வேண்டாதவற்றை விலக்குவதற்கு அது எவ்வளவு வசதி தருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சொந்தக் கணினியில் எக்செல் அல்லது கல்க்

பெரும்பாலானோர் அறிந்த வழி இதுவே. எக்செலில் பல கலங்களைத் தெரிந்து, பெறுமதியைத் தட்டெழுதி, கன்ட்ரோலுடன் என்ரரை அழுத்தினால் தெரிந்த கலங்கள் எல்லாவற்றிலும் அது நிரம்பும். லிப்ரே ஒபிஸின் கல்க்கில் அதே வேலையை ஓல்ட்டுடன் என்ரர் செய்யும். இணைய இணைப்பு தேவையில்லை. ஒரு தாளில் 10,48,576 நிரைகள் வரை கொள்ளும் என்பதால் எங்களைப் போன்ற குழுவுக்கு அளவும் ஒரு தடையன்று. கல்க் இலவசம் என்பதோடு, அதன் தேடி மாற்றும் பெட்டியில் ஒழுங்குக் கோவைகளையும் (ஒரு சொல்லின் பல வடிவங்களை ஒரே குறிப்பால் தேடும் முறை) பயன்படுத்தலாம். ‘குளம்’, ‘குளத்’ இரண்டையும் ஒரே தேடலில் பிடிக்க இது உதவும். எக்செலின் தேடி மாற்றும் பெட்டியில் உடுக்குறியும் வினாக்குறியும் மட்டுமே பொதுக்குறிகளாக வேலை செய்யும்.

ஆனால் மூன்று இடங்களில் இவ்வழி எனக்கு அச்சம் தருகிறது.

முதலாவது, மறைந்திருக்கும் நிரைகள். எக்செலில் வடிகட்டியால் மறைந்த நிரைகளைக் கன்ட்ரோல்–என்ரர் தொடுவதில்லை. கையால் மறைத்து வைத்த நிரைகளோ தெரிவுக்குள் அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் கலங்களை மட்டும் தெரிவு செய்யும் கட்டளையை முதலில் கொடுத்தால் மட்டுமே அவை தப்பும். பல கலங்கள் கொண்ட ஒரு தொகுதியைப் பிரதிசெய்து வடிகட்டிய பட்டியலில் ஒட்டினால், அது இடையில் மறைந்துள்ள நிரைகளிலும் விழுந்துவிடுகிறது. திரையில் எல்லாம் சரியாகவே தோன்றும். வடிகட்டியை நீக்கிப் பார்க்கும் வரை, தொடர்பில்லாத வாக்கியங்களின் லேபல் அழிந்திருப்பது தெரியாது.

இரண்டாவது, வரிசைப்படுத்தல். லேபல் நிரலை மட்டும் தெரிந்து வரிசைப்படுத்தி, தெரிவை விரிவாக்கவா என்று மென்பொருள் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டால், வாக்கியங்கள் தத்தம் இடத்திலேயே நிற்க லேபல்கள் மட்டும் இடம்மாறிவிடும். கோப்பைச் சேமித்து மூடிய பின் அதை மீட்கப் பழைய பிரதி ஒன்று இருந்தாலன்றி வழியில்லை. ஒவ்வொரு நிரைக்கும் மாறாத அடையாள எண் கட்டாயம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அந்த எண்ணையும் எக்செல் தொட்டுவிடாமல் பார்க்க வேண்டும்: முன்னிற்கும் பூச்சியத்தை அது நீக்கிவிடும்; 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணின் எஞ்சிய இலக்கங்களைப் பூச்சியமாக்கிவிடும்; ‘10-12’ போன்றதைத் திகதியாக மாற்றிவிடும். மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு, எக்செல் திகதியாக மாற்றிவிடுகிறது என்ற காரணத்தாலும் சில மரபணுக்களின் குறியீட்டுப் பெயர்களையே 2020ஐ ஒட்டி மாற்றியது என்பதை எண்ணிப் பார்த்தால் இது சிறிய விடயமன்று என்பது விளங்கும். அடையாள எண்ணை எழுத்தும் எண்ணும் கலந்ததாக, ‘வ-00412’ என்பது போல் அமைப்பதே எளிய பாதுகாப்பு.

மூன்றாவது, கோப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவது. மின்னஞ்சலிலும் பென் டிரைவிலும் கோப்பு சுற்றத் தொடங்கியதும், எது கடைசிப் பிரதி என்பது எவருக்கும் நிச்சயமில்லை. தனியொருவர் செய்யும் வேலைக்கு இவ்வழி போதும்; மூவர் நால்வர் சேர்ந்தால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கூகிள் ஷீட்ஸ்: எல்லோரும் ஒரே தாளில்

பிரதிகள் பெருகும் தொல்லையை இது ஒரேயடியாகத் தீர்க்கிறது. கைத்தொலைபேசியிலும் திறக்கும், லேபல் நிரலுக்குக் கீழிறங்கு பட்டியல் அமைத்துவிட்டால் ‘நீர்பாசனம்’, ‘நீர்ப்பாசனம்’ என்ற இரட்டை எழுத்துகள் உள்ளே வரமாட்டா, நிரல்களைப் பூட்டி உரியவர் மட்டுமே திருத்தலாம் என்று வரையறுக்கலாம். ஒரு கோப்பில் 1 கோடி கலங்கள் என்ற எல்லையை நாங்கள் நெருங்கப் போவதில்லை.

ஒருமிக்கத் திருத்துவோர் இங்கே கட்டாயம் அறிய வேண்டியது, சாதாரண வடிகட்டிக்கும் வடிகட்டிக் காட்சிக்கும் உள்ள வேறுபாடு. சாதாரண வடிகட்டியை ஒருவர் இட்டால் தாளைத் திறந்திருக்கும் அனைவருக்கும் அதே நிரைகள் மறையும். நான் ‘சந்தை’ என்று வடிகட்டி நிரைகளைத் தெரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் மல்லாவியில் இருக்கும் தங்கை ஒருத்தி வடிகட்டியை ‘உரம்’ என்று மாற்றினால், என் திரையிலும் நிரைகள் மாறிவிடும். வடிகட்டிக் காட்சி அவரவர்க்குத் தனியானது. கூட்டாக வேலை செய்யும் தாளில் வடிகட்டிக் காட்சி தவிர்ந்த எதையும் பயன்படுத்தக் கூடாது என்பதை நாங்கள் விதியாகவே வைத்திருக்கிறோம்.

மீட்பதைப் பொறுத்தவரை, பதிப்பு வரலாறு இருக்கிறது. எந்தக் கலத்தை யார் எப்போது மாற்றினார் என்பதையும் அந்தக் கலத்தின் மேலிருந்தே பார்க்கலாம். எக்செல் கோப்பைப் பென் டிரைவில் கொண்டு திரிவதோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம். ஆயினும் நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இது முழுமையான விடை தருவதில்லை. காலையில் நடந்த ஒரு பிழையான நிரப்பலை மாலையில் கண்டுபிடித்து, காலைப் பதிப்பை மீட்டால், இடையில் மற்றவர்கள் இட்ட லேபல்களும் சேர்ந்து போய்விடும். கலம் கலமாகப் பார்த்து மீட்பது சில நிரைகளுக்குச் சரிவரும். பல நூறு நிரைகளுக்குச் சரிவராது. பழைய பதிப்பிலிருந்து ஒரு பிரதி எடுத்து, அடையாள எண்ணைக் கொண்டு பழைய பெறுமதியைத் தேடிக் கொண்டுவருவதே நடைமுறை வழி. அதற்கு அரை நாள் போய்விடும்.

இணைப்பு பற்றியும் சொல்ல வேண்டும். நகரத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய பிரச்சினையன்று. உட்கிராமங்களில் சிக்னல் வந்து வந்து போகும். இணைப்பில்லாமலும் தாளைத் திருத்தி, இணைப்பு வந்ததும் ஏற்றும் வசதி கூகிள் ஷீட்ஸில் உண்டு. ஒவ்வொரு நிரையாக லேபல் இடுவதற்கு அதை நம்பலாம். ஒருமிக்கத் திருத்துவதற்கு நம்பக்கூடாது: இணைப்பற்ற நேரத்தில் நான் கண்ட தாள் மற்றவர்கள் அப்போது திருத்திக்கொண்டிருந்த தாளன்று, பழைய நிலையைப் பார்த்துச் செய்த தெரிவு புதிய நிலையின் மேல் வந்து விழும். கைத்தொலைபேசித் திரையிலும் பல நிரைத் தெரிவைச் செய்ய வேண்டாம் என்பதே என் அறிவுரை. பெருவிரல் சற்று நழுவினாலும் தெரிவின் எல்லை மாறுவதைச் சிறிய திரையில் கவனிப்பது கடினம்.

ஓப்பன்ரிஃபைன்: தெரிவு செய்வதற்கென்றே அமைந்த கருவி

2010இல் ஃப்ரீபேஸ் கிரிட்வேர்க்ஸ் என்ற பெயரில் தொடங்கி, கூகிள் ரிஃபைனாகி, 2012 முதல் ஓப்பன்ரிஃபைன் என்று வழங்கும் இந்தக் கட்டற்ற மென்பொருள், உலாவியில் திறந்தாலும் சொந்தக் கணினியிலேயே இயங்குகிறது. தரவு எங்கும் ஏற்றப்படுவதில்லை. மின்சாரம் இருந்தால் போதும், இணையம் வேண்டியதில்லை.

இதன் பலம் ஃபசெட் என்னும் அமைப்பில் இருக்கிறது. ஒரு நிரலுக்கு ஃபசெட் போட்டால் அந்த நிரலில் உள்ள வெவ்வேறு பெறுமதிகள் எல்லாம், ஒவ்வொன்றும் எத்தனை நிரைகளில் உண்டு என்ற எண்ணிக்கையுடன், பக்கத்தில் பட்டியலாக நிற்கும். குளப் பெயர் நிரலுக்கு இதைச் செய்தால் ‘இரணைமடு’, ‘இரணமடு’, ‘இரணை மடு’, ‘இரணைமடுக்குளம்’ என்று நான்கு வடிவங்களும் எண்ணிக்கையோடு தெரியும். ‘இரணமடு’ என்பதன் அருகே உள்ள திருத்து என்பதை அழுத்திச் சரியான வடிவத்தை எழுதினால், அப்பெறுமதி உள்ள நிரைகள் அத்தனையும் மாறும். எத்தனை மாறும் என்பதை மாற்றுவதற்கு முன்பே எண்ணாகக் கண்டுவிடுகிறோம். ஒத்த பெறுமதிகளைத் தானே கூட்டிக் காட்டும் வசதியும் உண்டு. ‘முத்தையன்கட்டு’, ‘முத்தயன்கட்டு’ போன்றவற்றை அது அருகருகே வைக்கும். சேர்ப்பதா விடுவதா என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாம்தான் சொல்ல வேண்டும். அங்கே உள்ளூர் அறிவு இன்றியமையாதது. ஓரெழுத்து வேறுபாட்டில் இரண்டு வேறு ஊர்கள் இருப்பதை இங்கே பிறந்து வளர்ந்தவர்தான் அறிவார்.

தமிழ்த் தரவுக்கு இந்த ஃபசெட் செய்யும் வேறோர் உதவியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். லேபல் நிரலின் ஃபசெட்டில் ‘நோய்’ என்பது இரண்டு தடவை நிற்பதைக் காணலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றே; எழுத்தளவும் இடைவெளியும் ஒன்றே. யூனிகோடில் ‘நோ’ என்பதை, நகரத்தின் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாக இட்டும் எழுதலாம். இரட்டைக் கொம்பையும் காலையும் இரு குறிகளாக இட்டும் எழுதலாம். விசைப்பலகைக்கு விசைப்பலகை இது மாறுகிறது. திரையில் வேறுபாடில்லை, கணினிக்கு அவை இரண்டு லேபல்கள். விரிதாளில் கண்ணால் தேடி இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஃபசெட்டில் ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது. ஒன்றைத் திருத்தி மற்றதோடு சேர்த்துவிடலாம்.

பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட பழைய கோப்புகளும் வடக்கில் நிறைய உண்டு. அவை உண்மையில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்தான். எழுத்துரு மட்டுமே அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அத்தகைய நிரைகளைத் தனியே பிரித்து யூனிகோடுக்கு மாற்றிய பின்பே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உரப் பெயர்கள் அதே கலத்தில் இருந்தால் எழுத்துருவை மாற்றும் கருவி அவற்றையும் பொருளற்ற தமிழாக்கிவிடும் என்பதால், இந்த ஒரு மாற்றத்தை நிரை நிரையாகப் பார்ப்பதே நல்லது.

வரிசைப்படுத்தல் ஆபத்து இங்கே இல்லை. ஒரு நிரலை வரிசைப்படுத்தினால் நிரை முழுவதும் சேர்ந்தே நகரும். அதுவும் நிரந்தரமாக்கும்படி கட்டளை கொடுக்கும் வரை வெறும் காட்சியே. செய்த ஒவ்வொரு செயலும் வரிசையாகப் பதியப்படுகிறது. எந்தப் படிக்கும் திரும்பிப் போகலாம். அச்செயல்களை ஜேசன் என்னும் எழுத்துக் கோப்பு வடிவில் எடுத்து, நடுவில் உள்ள பிழையான படியை விட்டுவிட்டு, மூலத் தரவின் மேல் மீள ஓட்டலாம். நான் கேட்ட இரண்டாவது கேள்விக்குக் கிட்டத்தட்ட முழு விடையும் இங்கே கிடைக்கிறது. கிட்டத்தட்ட என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: தனி ஒரு கலத்தில் கையால் செய்த திருத்தம் அந்தச் செயற்பட்டியலில் எடுபடாது, மேலும் பழைய படிக்குத் திரும்பிச் சென்று அங்கிருந்து புதிதாக ஒன்றைச் செய்தால் அதன் பின்னிருந்த படிகள் அழிந்துவிடும்.

இதன் பெரும் குறை, ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம் என்பதே. இருவர் ஒரே திட்டத்தைத் திறந்து லேபல் இடுவதற்கு இது ஏற்றதன்று. தமிழ்க் கோப்பை உள்ளே எடுக்கும்போது யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தெரிவு செய்வதையும், பெறுமதிகளைக் காற்புள்ளியால் பிரித்து வெளியே எடுத்த சீ.எஸ்.வி. கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கால் திறக்காமல் தரவு இறக்கும் வழியாகத் திறப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்; இல்லையேல் தமிழ் எழுத்துகள் சிதைந்து தோன்றும்.

பைதனும் லேபல் இடும் தனிக் கருவிகளும்

பைதன் நிரலாக்க மொழியில், அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தைப் பயன்படுத்தி, ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட நிரைகளின் லேபலை ஒரே வரியில் மாற்றலாம். நிபந்தனை எழுத்தில் இருப்பதால் எதன் அடிப்படையில் மாற்றினோம் என்பது என்றும் தெளிவு. மாற்றத்துக்கு முன் எத்தனை நிரைகள் அகப்பட்டன என்று அச்சிட்டு, அவற்றில் சிலவற்றை எழுந்தமானமாக எடுத்து வாசிக்கவும் முடியும். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் இருக்கையில், பைதன் தெரிந்த இளையோர் வன்னியில் இல்லாமற் போகவில்லை. ஆனால் குழுவில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த வழியில் எல்லோருடைய லேபல்களையும் மாற்றினால், மற்றவர்கள் அதைச் சரிபார்க்க இயலாது. ஒரே சுத்தப்படுத்தல் கிழமைக்குக் கிழமை திரும்ப வரும்போது இவ்வழிக்குப் போகலாம். ஒரு தடவை மட்டும் செய்ய வேண்டியதற்கு ஓப்பன்ரிஃபைன் போதும்.

லேபல் ஸ்டூடியோ போன்ற தனிக் கருவிகள் விரிதாள் போன்ற ஒரு பட்டியலைக் காட்டினாலும், அங்கே கலத்துக்குள் தட்டெழுதி நிரப்ப முடியாது. ஒவ்வொரு லேபலும் இட்டவரின் பெயரோடு தனிப் பதிவாகச் சேமிக்கப்படுகிறது. ஒழுங்கைப் பொறுத்தவரை இது சிறந்தது. ஒருமிக்கத் திருத்த வேண்டும் என்றால், வெளியே எடுத்துத் திருத்தி, முன்மொழிவாக மீள உள்ளே கொடுத்து, ஒவ்வொருவரும் பார்த்து ஏற்கும்படி செய்ய வேண்டியிருக்கும். ஆர்கில்லா என்னும் கருவியில் பல பதிவுகளை ஒரே திரையில் பார்த்துச் சேர்த்து லேபல் இடும் காட்சி உண்டு. இரண்டையும் ஒரு சேவையகத்தில் நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். வாக்கியத்துக்கு ஒரு லேபல் என்ற எங்கள் எளிய அமைப்புக்கு அந்தப் பாரம் தேவையில்லை என்று கருதுகிறேன். வாக்கியத்துக்குள் ஊர்ப் பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்கவோ, குரற் பதிவுகளுக்கு லேபல் இடவோ தொடங்கினால் விரிதாள் உதவாது. அன்று இவற்றுக்குப் போகத்தான் வேண்டும்.

எதைத் தொடக்கூடாது?

எந்தக் கருவியானாலும் ஒரு வகை நிரல்களை ஒருமிக்கத் திருத்தக் கூடாது: லேபல் இட்டவர்கள் தனித்தனியே இட்ட மூல நிரல்களை. ஒரு வாக்கியத்துக்கு இருவர் ஒருவரையொருவர் பாராமல் லேபல் இடுவதன் பயன், அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை அளப்பது. தற்செயலாக ஒத்துப்போகக்கூடிய அளவைக் கழித்து இதைக் கணிக்கும் கப்பா என்ற அளவையை ஜேக்கப் கோஹன் 1960இல் முன்வைத்தார். இன்றும் அதுவே பரவலாக வழங்குகிறது. இருவரின் நிரல்களையும் ஒரே நிரப்பலால் சமப்படுத்திவிட்டால் கப்பா உயரும். உண்மையான உடன்பாடு உயர்ந்திருக்காது. அந்த எண்ணை நம்பித் தரவைப் பயன்படுத்துவோரை நாம் தவறான வழியில் செலுத்தியவர்களாவோம்.

ஆகவே திருத்தங்கள் எல்லாம் ‘இறுதி’ என்ற தனி நிரலில் மட்டுமே நிகழ வேண்டும். அதிலும் நான் விரும்புவது, நேரே மேலெழுதாத முறை. ‘திருத்தம்’ என்று தனித் தாள் ஒன்றை வைத்து, அதில் அடையாள எண், பழைய லேபல், புதிய லேபல், காரணம், திருத்தியவர், திகதி ஆகியவற்றை நிரைக்கொன்றாக இடுகிறோம். முதன்மைத் தாளின் ‘இறுதி’ நிரலில், அந்த அடையாள எண்ணுக்குத் திருத்தம் இருந்தால் அதையும் இல்லாவிட்டால் இருவரும் உடன்பட்ட லேபலையும் எடுக்கும் சூத்திரம் இருக்கிறது. ஒரு தொகுதித் திருத்தம் பிழையென்று தெரிந்தால் ‘திருத்தம்’ தாளில் அந்தத் திகதிக்கும் காரணத்துக்கும் உரிய நிரைகளை நீக்கினால் போதும். மற்றவர்களின் வேலைக்கு ஒன்றும் ஆகாது. கூகிள் ஷீட்ஸின் பதிப்பு வரலாறு தராத வசதி இதனால் கிடைத்துவிடுகிறது. பழைய லேபலையும் எழுதி வைப்பதால், திருத்தம் பதியப்பட்ட பின் மூலம் மாறியிருந்தால் அதுவும் பிடிபடும்.

கூடவே ஓர் எளிய சோதனையையும் விடாமல் செய்ய வேண்டும். மாற்றத்துக்கு முன் ஒவ்வொரு லேபலும் எத்தனை நிரைகளில் உண்டு என்று எண்ணிக்கொண்டு, பின்னரும் எண்ண வேண்டும். ‘நோய்’ 40 குறைந்தால் ‘பூச்சி’ 40 கூடியிருக்க வேண்டும். மற்ற லேபல்கள் ஒன்றுகூட அசைந்திருக்கக் கூடாது. அசைந்திருந்தால் மறைந்த நிரை ஒன்றில் ஏதோ விழுந்திருக்கிறது. வாய்க்காலை மாறித் திறந்துவிட்டு எந்த வயலுக்குப் பாய்ந்தது என்று இரவில் தேடித் திரிவதை விட, மடையைத் திறக்குமுன் பார்ப்பது இலகு.

திரும்பப் பெற முடியாத வகையில் செய்ய வேண்டிய திருத்தம் ஒன்றே ஒன்றுதான். கமக்காரர்கள் தங்கள் தொலைபேசி இலக்கத்தையும் சில வேளை அடையாள அட்டை இலக்கத்தையும் செய்தியிலேயே எழுதிவிடுவார்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் உண்டு. அது இல்லாவிட்டாலும், நம்பி எழுதியவரின் இலக்கத்தை மறைப்பது எங்கள் கடமை. 07 என்று தொடங்கும் 10 இலக்கங்களை, இடையில் வெளியோ சிறுகோடோ இருந்தாலும் பிடிக்கும்படி தேடி மறைக்க வேண்டும். இதைக் கூகிள் ஷீட்ஸில் ஏற்றிய பின் செய்தால் பதிப்பு வரலாற்றில் பழைய இலக்கங்கள் அப்படியே கிடக்கும். ஓப்பன்ரிஃபைனில் செய்து திட்டக் கோப்பாகப் பகிர்ந்தால் அதன் உள்ளேயும் வரலாறு போகும். சொந்தக் கணினியில் மறைத்து, வெறும் சீ.எஸ்.வி.யாக எடுத்து, அதைத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

இவற்றை எல்லாம் வைத்து நாங்கள் எடுத்த தீர்மானம் இது: இலக்கம் மறைத்தலையும் பாமினி மாற்றத்தையும் ஊர்ப் பெயர்ச் சீராக்கத்தையும், தரவு எவர் கைக்கும் போகுமுன் ஒருவர் ஓப்பன்ரிஃபைனில் செய்கிறார், லேபல் இடுவது கூகிள் ஷீட்ஸில், அவரவர் பூட்டிய நிரலில் நடக்கிறது, தொகுதித் திருத்தங்கள் மடிக்கணினியில், இணைப்பு உள்ள நேரத்தில், வடிகட்டிக் காட்சியில் தெரிந்து, ‘திருத்தம்’ தாள் வழியாக மட்டுமே போகின்றன. நிரைகளைத் தெரிவு செய்தவரும் திருத்தத்தைப் பதிபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்திருக்கிறோம். ஒருவர் தெரிந்த நிரைகளை மற்றவர் வாசித்து ஆனையிறவையும் மாங்குளத்தையும் விலக்கிய பின்பே அவை தாளில் ஏறும். தனியாக வேலை செய்பவருக்குக் கூகிள் ஷீட்ஸ் இன்றி ஓப்பன்ரிஃபைனும் கல்க்கும் போதும். குழு பெரிதாகி, ஒரே கிழமையில் பல தொகுதித் திருத்தங்கள் வரத் தொடங்கினால் ‘திருத்தம்’ தாளின் சூத்திரங்களால் முதன்மைத் தாள் மந்தமாகும். அந்த நிலையில் அதே ஆறு நிரல்களையும் வாசித்துப் பழைய லேபல் பொருந்தும் நிரைகளை மட்டும் மாற்றும் சிறிய பைதன் செய்நிரலை எழுதிக்கொள்வது பொருத்தமாக இருக்கும்.